உடற்பயிற்சிக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்துள்ளீர்களா? பயிற்சியை நிலைத்த வழக்கமாக்கும் வழிமுறைகள்

நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், உடற்பருமன் ஆகியவற்றுக்குச் சிகிச்சை பெறுவோரில் பலர், மருத்துவரின் அறிவுரையை ஏற்று, ஜிம் எனப்படும் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்கின்றனர். முதல் வாரத்தில் நாள்தோறும் ஒரு மணி நேரம் பயிற்சி செய்கின்றனர். இரண்டாம் வாரத்தில் உடல்வலி தொடங்குகிறது. மூன்றாம் வாரத்தில் உறவினர் வீட்டுத் திருமணமோ அலுவலகப் பணியோ குறுக்கிடுகிறது. நான்கைந்து நாள்கள் தவறிய பின்னர் மீண்டும் செல்லத் தயக்கம் ஏற்படுகிறது. ஓராண்டுக்குச் செலுத்திய கட்டணம் வீணாகிறது.

இதனைத் தமது மன உறுதியின் குறைபாடு என்று எண்ணிப் பலர் வருந்துகின்றனர். குடும்பத்தினரும் அவ்வாறே கருதுகின்றனர். உண்மையில் பயிற்சி நின்றுபோவதற்கான காரணங்கள் பெரும்பாலும் அதனைத் தொடங்கிய முறையிலேயே உள்ளன. அம்முறையை மாற்றிக்கொள்வதன் மூலம் பயிற்சியை நீண்ட காலம் தொடர இயலும். அதற்கான வழிமுறைகளை, நாட்பட்ட நோய் உள்ளவர்களுக்கும் அவர்களைப் பராமரிப்பவர்களுக்கும் இப்பக்கம் விளக்குகிறது.

முக்கியச் செய்திகள்

• ஒரு நாள் செய்யும் பயிற்சியின் பயன் ஓரிரு நாள்களில் குறைந்துவிடும். எனவே பயிற்சியின் கடுமையைவிட அதன் தொடர்ச்சியே முதன்மையானது.
• வாரத்தில் 4 நாள்கள், குறித்த நேரத்தில், எளிய பயிற்சியுடன் தொடங்குங்கள்.
• தொடர்ந்து இரண்டு நாள்களுக்கு மேல் உடலியக்கம் இல்லாமல் இருக்க வேண்டாம்.
• ஒரு நாள் தவறினால் வழக்கம் கெட்டுவிடாது. எவ்வளவு விரைவாகத் திரும்பி வருகிறீர்கள் என்பதே முக்கியம்.
• நீரிழிவு, இதய நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரின் ஆலோசனை பெற்ற பின்னரே பயிற்சியைத் தொடங்க வேண்டும்.

தொடர்ச்சி ஏன் இன்றியமையாதது?

உடற்பயிற்சியின்போது தசைகள் இரத்தத்தில் உள்ள சர்க்கரையை எடுத்துப் பயன்படுத்துகின்றன. பயிற்சி முடிந்த பின்னரும் சில காலம் இன்சுலின் மேம்பட்ட முறையில் செயல்படுகிறது. பயிற்சியின் அளவையும் தன்மையையும் பொறுத்து, இந்நிலை ஏறத்தாழ 24 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். அதன்பின் உடல் பழைய நிலைக்குத் திரும்புகிறது. இதனால்தான், நீரிழிவு உள்ள பெரியவர்கள் தொடர்ந்து இரண்டு நாள்களுக்கு மேல் உடற்பயிற்சி இன்றி இருக்கக்கூடாது என அமெரிக்க நீரிழிவுச் சங்கம் பரிந்துரைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் கடுமையாகப் பயிற்சி செய்பவரைவிட, வாரத்தில் நான்கு நாள்கள் அரை மணி நேரம் பயிற்சி செய்பவரின் இரத்தச் சர்க்கரை சீராக இருப்பதற்கான வாய்ப்பு அதிகம்.

தொடர்ச்சியான வாழ்க்கைமுறை மாற்றத்தின் பயன் நமது மாநிலத்திலேயே ஆராயப்பட்டுள்ளது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு நடத்தப்பட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவுகள் 2006-ஆம் ஆண்டில் வெளியாயின. நீரிழிவு வருவதற்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேர் அதில் பங்கேற்றனர். உணவுமுறை மாற்றத்தையும் நடைப்பயிற்சி போன்ற உடலியக்கத்தையும் பின்பற்றிய பிரிவினரிடம், நீரிழிவு ஏற்படும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. கருவிகள் நிறைந்த கூடமோ கடும் பயிற்சியோ இன்றி, மிதமான மாற்றங்களை இடைவிடாமல் பின்பற்றியே இப்பயன் கிடைத்தது.

பெரியவர்கள் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்றும், வாரத்தில் குறைந்தது 2 நாள்கள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. 65 வயதைக் கடந்தவர்களுக்கு, கீழே விழுவதைத் தவிர்க்க உடல் சமநிலைப் பயிற்சிகளும் தேவை. இந்த அளவை முதல் வாரத்திலேயே எட்ட வேண்டியதில்லை. குறைந்த அளவு பயிற்சியும் பயிற்சியே செய்யாமல் இருப்பதைவிட நன்மை தரும் என்பதையும் அவ்வழிகாட்டுதல் வலியுறுத்துகிறது.

பயிற்சி இடையில் நின்றுபோவது ஏன்?

மிகை மதிப்பீடு: கட்டணம் செலுத்தும் நாளில் இருக்கும் ஆர்வத்தைக் கொண்டு, இனி வரும் நாள்களையும் நாம் கணக்கிடுகிறோம். அமெரிக்காவில் உடற்பயிற்சிக் கூட உறுப்பினர்களின் வருகைப் பதிவுகளை ஆராய்ந்து 2006-ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்றில், மாதக் கட்டணம் செலுத்தியவர்கள் மாதத்திற்குச் சராசரியாக 4 முறைக்குச் சற்று அதிகமாகவே வந்திருந்தனர். வந்த நாளுக்கு மட்டும் கட்டணம் செலுத்தியிருந்தால் அவர்களுக்குச் செலவு குறைந்திருக்கும். பணம் கட்டிவிட்டோம் என்ற எண்ணம் மட்டுமே ஒருவரைக் கூடத்திற்கு அழைத்துச் செல்வதில்லை.

அளவுக்கு மீறிய தொடக்கம்: நெடுங்காலம் பயிற்சி இல்லாத உடலுக்கு முதல் நாளிலேயே அதிகச் சுமை தரும்போது, அடுத்த ஒன்று முதல் மூன்று நாள்களில் கடும் தசைவலி ஏற்படுகிறது. மாடிப்படி இறங்கவும் சிரமப்படும் ஒருவர், பயிற்சி தமக்கு ஏற்றதன்று என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்.

நேரம் குறிக்கப்படாமை: ‘நேரம் கிடைக்கும்போது செல்லலாம்’ என்னும் திட்டத்தில், ஒவ்வொரு நாளும் செல்வதா வேண்டாமா என்பதைப் புதிதாக முடிவு செய்ய வேண்டியுள்ளது. களைப்பான நாள்களில் அம்முடிவு ‘நாளை பார்க்கலாம்’ என்பதாகவே அமைகிறது.

எடையை மட்டும் அளவுகோலாகக் கொள்ளுதல்: முதல் ஒரு மாதத்தில் உடல் எடை பெரிதாகக் குறையாமல் போகலாம். பயன் இல்லை என்று எண்ணிப் பலர் நிறுத்திவிடுகின்றனர். ஆனால் அக்காலத்தில் இரத்தச் சர்க்கரையிலும் இரத்த அழுத்தத்திலும் உறக்கத்திலும் முன்னேற்றம் தொடங்கியிருக்கக்கூடும்.

வழக்கம் எவ்வாறு உருவாகிறது?

குறித்த ஒரு சூழலில் ஒரு செயலை மீண்டும் மீண்டும் செய்யும்போது, அச்சூழலே அச்செயலைத் தூண்டத் தொடங்குகிறது. காலையில் எழுந்தவுடன் பல் துலக்குவதற்கு நாம் மன உறுதியைத் தேடுவதில்லை. உடற்பயிற்சியையும் இயன்ற அளவு அந்நிலைக்குக் கொண்டுவருவதே நோக்கம்.

இதற்கு எவ்வளவு காலம் தேவைப்படும்? 21 நாள்களில் எந்தப் பழக்கமும் படிந்துவிடும் என்று பரவலாகக் கூறப்படுவது சரியன்று. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 96 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வில், ஒரு புதிய செயல் இயல்பாகப் படிவதற்கு ஆன காலத்தின் நடுநிலை அளவு 66 நாள்களாக இருந்தது. ஆளுக்கு ஆள் இது 18 நாள்கள் முதல் 254 நாள்கள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியது, பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை என்பதும் அவ்வாய்வில் தெரியவந்தது. எனவே ஒரு மாதம் கடந்தும் பயிற்சிக்குச் செல்வது சிரமமாகத் தோன்றினால் மனம் தளர வேண்டாம். அது இயல்பானதே.

கனடாவில் உடற்பயிற்சிக் கூடங்களில் புதிதாகச் சேர்ந்த 111 பேரை 12 வாரங்கள் கண்காணித்த ஆய்வு 2015-ஆம் ஆண்டு வெளியானது. வாரத்திற்குக் குறைந்தது 4 முறை என 6 வாரங்கள் பயிற்சி செய்வதே, பழக்கம் ஏற்படுவதற்கான குறைந்தபட்ச அளவு என்று அதில் கண்டறியப்பட்டது. ஒரே சீராகச் செல்வது, பயிற்சி எளிமையாக இருப்பது, அதில் மகிழ்ச்சி கிடைப்பது, சூழல் உகந்ததாக இருப்பது ஆகியவை பழக்கம் உருவாகத் துணைபுரிந்தன. இந்நான்கும் நாமே அமைத்துக்கொள்ளக் கூடியவை.

தொடங்கும் முன் செய்ய வேண்டியவை

மருத்துவரின் ஆலோசனை: இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். நெஞ்சுவலி, நடக்கும்போது மூச்சுத்திணறல், மயக்கம், படபடப்பு ஆகியவை முன்பு ஏற்பட்டிருந்தால் அவற்றை மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் கண் விழித்திரைப் பரிசோதனையும் பாதப் பரிசோதனையும் செய்துகொள்வது அவசியம். நீங்கள் உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலைக் காட்டி, பயிற்சி நாள்களில் அவற்றின் அளவையோ நேரத்தையோ மாற்ற வேண்டுமா எனக் கேட்டறியுங்கள். தாமாக மருந்தைக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது.

கூடத்தைத் தேர்ந்தெடுத்தல்: வீட்டிற்கு அருகிலோ, பணியிடத்திற்குச் செல்லும் வழியிலோ உள்ள கூடமே சிறந்தது. நவீனக் கருவிகள் நிறைந்த, தொலைவில் உள்ள கூடத்தைவிட, பத்து நிமிடத்தில் சென்றடையக்கூடிய எளிய கூடம் அதிக நாள்கள் பயன்படும். சேருவதற்கு முன், நீங்கள் செல்லவிருக்கும் நேரத்திலேயே ஒருமுறை சென்று பாருங்கள். காற்றோட்டம், குடிநீர், கூட்டம் ஆகியவற்றைக் கவனியுங்கள். உங்களது நோய்களைப் பற்றிப் பயிற்றுநர் கேட்டறிகிறாரா என்பதையும் பாருங்கள்.

கட்டணம்: ஆண்டுக் கட்டணத்தில் தள்ளுபடி இருப்பினும், முதலில் ஒரு மாதத்திற்கோ மூன்று மாதத்திற்கோ மட்டும் செலுத்துவது நல்லது. வருகை நிலைபெற்ற பின்னர் நீண்ட காலக் கட்டணத்தைப் பற்றி முடிவு செய்யலாம்.

நாளும் நேரமும்: ‘காலையில் செல்வேன்’ என்று பொதுவாக எண்ணாமல், அன்றாடம் தவறாது நடக்கும் ஒரு செயலுடன் பயிற்சியை இணையுங்கள். ‘பிள்ளையைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிய உடனே கூடத்திற்குச் செல்வேன்’, ‘அலுவலகத்திலிருந்து வீட்டிற்கு வராமல் நேரே கூடத்திற்குச் செல்வேன்’ என்பன போன்று உறுதியாக வரையறுத்துக்கொள்ளுங்கள். உடை, காலணி, துண்டு, தண்ணீர்ப் புட்டி ஆகியவற்றை முந்தைய இரவே எடுத்து வையுங்கள்.

முதல் 12 வாரங்களுக்கான திட்டம்

திங்கள், செவ்வாய், வியாழன், சனி ஆகிய நான்கு நாள்களை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இவ்வாறு பிரித்தால் எந்த இரு பயிற்சிகளுக்கும் இடையே ஒரு நாளுக்கு மேல் இடைவெளி இராது. திங்களும் வியாழனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சிக்கும், செவ்வாயும் சனியும் நடை அல்லது மிதிவண்டிப் பயிற்சிக்கும் உரியவை. ஒரே தசைகளுக்கு அடுத்தடுத்த நாள்களில் சுமை தருவது இதனால் தவிர்க்கப்படுகிறது.

1, 2-ஆம் வாரங்கள்: ஒவ்வொரு நாளும் 20 முதல் 25 நிமிடங்கள் போதும். 5 நிமிடங்கள் மெதுவாக நடந்து உடலைத் தயார்ப்படுத்துங்கள். பின்னர் டிரெட்மில்லில் அல்லது நிலையான மிதிவண்டியில் 10 முதல் 15 நிமிடங்கள் பயிற்சி செய்யுங்கள். நாற்காலியில் அமர்ந்து எழுதல், சுவரில் கை ஊன்றித் தள்ளுதல் ஆகிய எளிய பயிற்சிகளை வலுப்பயிற்சி நாள்களில் சேர்த்துக்கொள்ளலாம். பயிற்சி முடிந்து புறப்படும்போது, இன்னும் சிறிது நேரம் செய்திருக்கலாம் என்று தோன்ற வேண்டும். இவ்விரு வாரங்களின் இலக்கு எட்டு முறை கூடத்திற்குச் சென்று வருவது மட்டுமே.

3 முதல் 6-ஆம் வாரம் வரை: நேரத்தை 30 முதல் 35 நிமிடங்களாக உயர்த்துங்கள். கால், முதுகு, மார்பு, தோள், வயிறு ஆகியவற்றுக்கு ஐந்து அல்லது ஆறு பயிற்சிகளைப் பயிற்றுநரிடம் கற்றுக்கொண்டு, ஒவ்வொன்றையும் 10 முதல் 12 முறை செய்யுங்கள். 12 முறை தூக்கிய பின்னும் மேலும் இரண்டு அல்லது மூன்று முறை தூக்க இயலும் என்னும் அளவிலான எடையே ஏற்றது. இக்காலத்தில் பயிற்சிகளை அடிக்கடி மாற்ற வேண்டாம். உள்ளே நுழைந்ததும் என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருப்பின், தயக்கம் குறையும்.

7 முதல் 12-ஆம் வாரம் வரை: நடை அல்லது மிதிவண்டி நாள்களில் 40 நிமிடங்கள் பயிற்சி செய்யுங்கள். வலுப்பயிற்சி நாள்களில் 15 நிமிட நடைக்குப் பின், ஒவ்வொரு பயிற்சியையும் இரண்டு சுற்றுகள் செய்யுங்கள். கூடத்திற்குச் செல்லாத நாள்களில் இரண்டு நாள்கள் 20 நிமிடங்கள் நடந்தால், வாரத்திற்கு 150 நிமிடங்கள் என்னும் இலக்கு நிறைவேறும்.

பயிற்சியின் கடுமையை அறிய எளிய வழி உண்டு. பயிற்சியின்போது உங்களால் பேச இயல வேண்டும். ஆனால் பாட இயலக்கூடாது. அதுவே மிதமான அளவு. அட்டெனோலால், மெட்டோபுரோலால் போன்ற மருந்துகள் இதயத் துடிப்பின் வேகத்தைக் குறைப்பதால், அவற்றை உட்கொள்பவர்கள் கருவியில் தெரியும் துடிப்பு எண்ணிக்கையை நம்பாமல் இம்முறையையே பின்பற்ற வேண்டும்.

பயிற்சி தவறும் நாள்கள்

காய்ச்சல், பணிச்சுமை, திருவிழா, பயணம், வீட்டில் ஒருவரின் உடல்நலக் குறைவு ஆகியவற்றால் பயிற்சி தவறுவது எவருக்கும் நேரும். பயிற்சியைப் பல ஆண்டுகள் தொடர்பவர்களுக்கும் இத்தகைய நாள்கள் உண்டு. ஆனால் அவர்கள் விரைவில் திரும்பிவிடுகின்றனர்.

அமெரிக்காவில் 61,000-க்கும் மேற்பட்ட உடற்பயிற்சிக் கூட உறுப்பினர்களிடம் 54 வகை ஊக்கத் திட்டங்களைச் சோதித்த பெரும் ஆய்வின் முடிவு 2021-ஆம் ஆண்டு வெளியானது. பயிற்சியைத் தவறவிட்ட பின்னர் மீண்டும் வந்தவர்களுக்கு மிகச் சிறிய தொகையைப் பரிசாக வழங்கிய திட்டமே அவற்றுள் அதிகப் பயன் தந்தது. நான்கு வார ஊக்கம் முடிந்தபின், பெரும்பாலான திட்டங்களின் தாக்கம் மறைந்துவிட்டது என்பதும் அதில் கண்டறியப்பட்டது. வெளியிலிருந்து கிடைக்கும் ஊக்கம் நெடுநாள் நீடிப்பதில்லை. ஆகவே திரும்பி வருவதற்கான ஏற்பாட்டை நீங்களே முன்கூட்டிச் செய்துகொள்வது நல்லது.

• தவறிய பயிற்சியை ஈடுசெய்ய மறுநாள் இருமடங்கு பயிற்சி செய்ய வேண்டாம். அன்றைக்குரிய பயிற்சியை மட்டும் செய்யுங்கள்.
• கூடத்திற்குச் செல்ல இயலாத நாளுக்கென 10 நிமிட வீட்டுப் பயிற்சி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். நாற்காலியில் அமர்ந்து எழுதல் 10 முறை, சுவரில் கை ஊன்றித் தள்ளுதல் 10 முறை, எஞ்சிய நேரம் வீட்டிற்குள் அல்லது மொட்டைமாடியில் நடத்தல் என்பது போதுமானது.
• தீபாவளி, பொங்கல், வெளியூர்ப் பயணம் போன்றவற்றுக்குப் புறப்படும் முன்னரே, திரும்பி வந்து பயிற்சிக்குச் செல்லும் நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். பயணத்தின்போது காலை நடை ஒன்றே போதும்.
• ஒரு வாரத்திற்கு மேல் இடைவெளி ஏற்பட்டால், முன்பு செய்ததில் ஏறத்தாழ பாதி அளவில் மீண்டும் தொடங்குங்கள். காய்ச்சல் இருக்கும்போது பயிற்சி செய்யக்கூடாது.
• நீண்ட நாள்களுக்குப் பின் கூடத்திற்குள் நுழையக் கூச்சமாக இருந்தால், கூட்டம் குறைவான நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே சென்று பத்து நிமிடங்கள் நடந்துவிட்டுத் திரும்புவதும் ஒரு நாள் வருகையே.

நோய்க்கேற்ற கவனக் குறிப்புகள்

நீரிழிவு: இன்சுலின் செலுத்திக்கொள்பவர்களுக்கும், கிளைமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளை உட்கொள்பவர்களுக்கும் பயிற்சியின்போதோ, பல மணி நேரம் கழித்து இரவிலோ இரத்தச் சர்க்கரை குறையக்கூடும். பயிற்சிக்கு முன் சர்க்கரை அளவைப் பாருங்கள். அது 90 மி.கி.க்குக் கீழ் இருந்தால், மாவுச்சத்துள்ள சிற்றுணவை உட்கொண்ட பின்னரே தொடங்க வேண்டும். நடுக்கம், வியர்வை, கடும் பசி, படபடப்பு, மனக்குழப்பம் ஆகியவை தோன்றினால் பயிற்சியை உடனே நிறுத்தி, மூன்று அல்லது நான்கு தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்து அருந்துங்கள். 15 நிமிடங்களுக்குப் பின் மீண்டும் சர்க்கரை அளவைப் பாருங்கள். குளுக்கோஸ் பொட்டலம் அல்லது சர்க்கரை எப்போதும் உங்கள் பையில் இருக்கட்டும். மருத்துவர் நோய் பற்றிய அடையாள அட்டை வழங்கியிருந்தால் அதனையும் உடன் வைத்திருங்கள்.

பாதங்களில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலுடன் பயிற்சி செய்யக்கூடாது. காலுறையும் பொருத்தமான காலணியும் அணியுங்கள். பயிற்சி முடிந்ததும் கொப்புளம், புண், சிவப்பு ஆகியவை உள்ளனவா எனப் பாதங்களைப் பாருங்கள். விழித்திரை பாதிப்பு முற்றிய நிலையில் உள்ளவர்கள், அதிக எடை தூக்குவதையும் மூச்சடக்கி முக்குவதையும் தவிர்க்க வேண்டும்.

உயர் இரத்த அழுத்தம்: ஓய்வு நிலையில் அழுத்தம் 180/110-க்கு மேல் இருந்தால் அன்று பயிற்சி செய்யாமல் மருத்துவரை அணுகுங்கள். எடை தூக்கும்போது மூச்சை அடக்கினால் இரத்த அழுத்தம் திடீரென உயரும். எடையை உயர்த்தும்போது மூச்சை வெளியே விடுங்கள், இறக்கும்போது உள்ளிழுங்கள். பயிற்சியைத் திடீரென நிறுத்தாமல், இறுதி 5 நிமிடங்கள் வேகத்தைப் படிப்படியாகக் குறையுங்கள்.

மூட்டுவலி: ஓடுவதற்கு மாற்றாக நிலையான மிதிவண்டி, மெதுவான நடை ஆகியவற்றைத் தேர்ந்தெடுங்கள். தொடைத் தசைகள் வலுப்பெறும்போது முழங்கால் மூட்டின் சுமை குறைகிறது. மூட்டில் வீக்கம் இருக்கும் நாளில் அந்த மூட்டுக்குச் சுமை தர வேண்டாம்.

கோடைக்காலம்: வெப்பம் மிகுந்த மாதங்களில் அதிகாலையிலோ மாலையிலோ பயிற்சி செய்யுங்கள். போதிய நீர் அருந்துங்கள். சிறுநீரக நோய் அல்லது இதயச் செயலிழப்புக் காரணமாக நீரின் அளவு வரையறுக்கப்பட்டவர்கள் மருத்துவர் கூறிய அளவை மீறக்கூடாது.

உடனடியாகப் பயிற்சியை நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

• நெஞ்சில் வலி, இறுக்கம் அல்லது பாரம். வலி இடக்கை, தாடை, முதுகு ஆகியவற்றுக்குப் பரவுதல்
• ஓய்வெடுத்தும் குறையாத மூச்சுத்திணறல்
• மயக்கம், சீரற்ற இதயத்துடிப்பு
• முகம் கோணுதல், ஒரு பக்கக் கை கால் செயலிழத்தல், பேச்சுக் குழறுதல்

இவற்றுள் எது தோன்றினாலும் 108 அவசர ஊர்தியை அழையுங்கள். தாமாக வாகனம் ஓட்டிச் செல்ல வேண்டாம்.

கடும் பயிற்சிக்குப் பின் தாங்க இயலாத தசைவலியும் வீக்கமும் ஏற்பட்டு, சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் வெளியேறினால், தசைகள் சிதைந்து சிறுநீரகம் பாதிக்கப்படும் வாய்ப்பு உண்டு. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் நாள்களில் அளவு மீறிப் பயிற்சி செய்யும்போது இந்நிலை ஏற்படக்கூடும்.

முன்னேற்றத்தை எவ்வாறு அறிவது?

ஒரு சிறு குறிப்பேட்டில் பயிற்சி செய்த நாள்களைக் குறித்து வாருங்கள். முதல் மூன்று மாதங்களில் உங்கள் வெற்றிக்கு அளவுகோல் இந்த வருகைப் பதிவேயாகும். அத்துடன், மாதம் ஒருமுறை இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், அரை நிமிடத்தில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது என்பது ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளலாம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையை மருத்துவர் கூறும் காலத்தில் செய்துகொள்ளுங்கள். பையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறும்போது மூச்சு வாங்காதிருப்பதும், இரவில் நல்ல உறக்கம் வருவதும் பயனின் அடையாளங்களே.

பராமரிப்பாளர்கள் கவனத்திற்கு

‘நேற்று ஏன் போகவில்லை? கட்டிய பணம் வீணாகிறதே!’ என்னும் கேள்வி, ஏற்கெனவே தயங்கி நிற்பவரை மேலும் பின்வாங்கச் செய்யும். ‘அப்பா, நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள்? நானும் வாசல் வரை வருகிறேன்’ என்று கூறுவது அவர் திரும்பிச் செல்ல வழிவகுக்கும். நடந்துபோனதைப் பற்றிய விசாரணையைத் தவிர்த்து, அடுத்த பயிற்சிக்கான ஏற்பாட்டைப் பற்றிப் பேசுங்கள்.

பயிற்சி நேரத்தை வீட்டின் அன்றாடத் திட்டத்தில் ஒரு பகுதியாக்குங்கள். வீட்டு வேலைகளைச் சுமக்கும் பெண்களுக்கு இது மிகவும் தேவை. அம்மா பயிற்சிக்குச் செல்லும் ஒரு மணி நேரத்தில் சமையலையோ பிள்ளைகளையோ கவனிப்பவர் யார் என்பதை முன்னரே முடிவு செய்யாவிட்டால், அவரது பயிற்சியே முதலில் கைவிடப்படும். முதியவர் ஒருவர் புதிதாகத் தொடங்கும்போது முதல் சில நாள்கள் உடன் செல்லுங்கள். அவரது நோய்கள், மருந்துகள், அவசரத் தொடர்பு எண் ஆகியவற்றைப் பயிற்றுநரிடம் எழுதிக் கொடுங்கள். தாழ் சர்க்கரையின் அறிகுறிகளை நீங்களும் அறிந்திருங்கள். ஒருவர் நினைவிழந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலை, மாலை இவற்றுள் எந்த நேரம் சிறந்தது?
நீங்கள் தவறாமல் கடைப்பிடிக்கக்கூடிய நேரமே சிறந்தது. இன்சுலின் செலுத்திக்கொள்பவர்கள் ஊசி, உணவு ஆகியவற்றின் நேரத்திற்கேற்ப மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

புரதப் பொடி அவசியமா?
பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை. பருப்பு, சுண்டல், முட்டை, மீன், பால், தயிர் ஆகியவற்றிலிருந்து புரதம் பெறலாம். சிறுநீரக பாதிப்பு உள்ளவர்கள் மருத்துவரின் அனுமதியின்றிப் புரதப் பொடி உட்கொள்ளக்கூடாது. கொழுப்பைக் கரைப்பதாகக் கூறி விற்கப்படும் மாத்திரைகளையும் ஸ்டீராய்டு ஊசிகளையும் யார் பரிந்துரைத்தாலும் ஏற்க வேண்டாம்.

கட்டணம் செலுத்த இயலாதவர்கள் என்ன செய்யலாம்?
கூடம் ஒரு வசதியே, கட்டாயம் அன்று. பூங்காக்களில் நிறுவப்பட்டுள்ள திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகளைப் பயன்படுத்தலாம். ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தின்கீழ் 2023-ஆம் ஆண்டு நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதைகள் அறிவிக்கப்பட்டன; அவற்றின் ஒரு பகுதியில் உங்களால் இயன்ற தொலைவு நடக்கலாம். வீட்டை விட்டு வெளியே வர இயலாதவர்கள், 2021-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் இயன்முறை மருத்துவச் சேவை குறித்து அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறியலாம்.

மூன்று மாதங்களாகச் செல்லவில்லை. மீண்டும் தொடங்கலாமா?
தொடங்கலாம். முதல் வாரத் திட்டத்திலிருந்து தொடங்குங்கள். இடைப்பட்ட காலத்தில் உடல்நிலையிலோ மருந்துகளிலோ மாற்றம் ஏற்பட்டிருந்தால் முதலில் மருத்துவரைக் காணுங்கள்.

நினைவிற்கொள்க

நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் பல ஆண்டுகள் உடன் வரும் நோய்கள். அவற்றுக்கான உடற்பயிற்சியும் பல ஆண்டுகள் தொடர வேண்டியதாகும். அவ்வளவு நெடிய காலத்தில் சில நாள்கள் தவறுவது தவிர்க்க இயலாதது. நீங்கள் பயிற்சியைத் தவறவிட்டு இன்றுடன் இரண்டு நாள்கள் ஆகியிருந்தால், இப்பக்கத்தைப் படித்து முடித்ததும் பத்து நிமிடங்கள் நடந்து வாருங்கள். நாளைய பயிற்சிக்கான காலணியை இன்றிரவே வாசலருகே எடுத்து வையுங்கள்.

இப்பக்கத்தில் உள்ள தகவல்கள் பொதுவான விழிப்புணர்வுக்கானவை. மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்றாகா. ஐயங்களுக்கு அருகிலுள்ள அரசு மருத்துவமனையையோ, 104 மருத்துவ உதவி எண்ணையோ தொடர்புகொள்ளுங்கள்.